வெட்டினால் வளருமா கொம்பு? காரைக்குடியில் வாங்கிய ஒரு கடற்பாசிப் பொட்டலத்தைப் பற்றி

வெளிநாட்டுச் சமையல் பொருள்களை வரவழைத்து விற்கும் காரைக்குடிக் கடையொன்றில் சென்ற மாதம் 50 கிராம் கொம்பு வாங்கினேன். விலை 420 ரூபாய். ரசீதில் ‘கொம்பு 1’ என்று மட்டும் அச்சாகியிருந்ததைப் படித்த ஆத்தா, எந்த மாட்டுக் கொம்பு இந்த விலை விற்கிறது என்று கேட்டார். ஜப்பானியர் கொம்பு என்று அழைப்பது, குளிர்ந்த கடலின் பாறைகளில் ஆளுயரத்துக்கும் மேல் நாடாவைப் போல நீண்டு வளரும் ஒரு பழுப்புக் கடற்பாசியை. கெல்ப் என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கடலில் அது விளைவதில்லை. நம் கடல்நீரின் சூட்டை அது தாங்காது.

பொட்டலத்தைப் பிரித்தால் கைநீளத்தில் ஐந்து துண்டுகள் இருந்தன. கருமைக்குச் சற்றே குறைந்த பச்சை நிறம், காய்ந்த பனையோலையின் விறைப்பு, ஓரத்தைவிட நடுவில் கூடுதல் தடிமன். மேற்பரப்பு முழுவதும் விபூதி பூசினாற்போல் வெண்மை படர்ந்திருந்தது. ஆத்தா அதைக் கண்டதும், “பூசணம் பிடிச்சதைப் போய்க் காசு கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கியேப்பா” என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டை ஈரத்துணியால் துடைத்துப் பளபளப்பாக்கியும் விட்டார். அது பூசணம் அன்று. பாசி உலரும்போது உள்ளிருக்கும் மானிட்டால் என்னும் இனிப்புப் பொருள் வெளியே வந்து படிவதால் உண்டாகும் வெண்மை. அதை விரல் நுனியில் தொட்டு நாவில் வைத்தால் உப்பும் மெல்லிய இனிப்பும் தெரியும். மணல், சிப்பித் துணுக்கு எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்பதால் துடைக்கவே தேவையில்லாத சரக்குதான் இது. பொருளின் தரத்தில் எனக்குக் குறையில்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் குறைபட்டுக்கொள்ளப் போவது வேறொன்றைப் பற்றி.

சமையலில் மூன்று முறை சோதித்தேன். 10 கிராம் கொம்பை ஒரு லிட்டர் தண்ணீரில், எனாமல் சட்டியொன்றில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொதி வருவதற்குச் சற்று முன்வரை சூடாக்கிப் பாசியை எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வழவழப்பு இறங்கிக் கசக்கும். முதல் முறை அதை வெண்டைக்காய் மண்டியில் அரிசி களைந்த நீரோடு பாதிக்குப் பாதி சேர்த்தேன். புளியும் வரமிளகாயும் சேர்ந்து அதை விழுங்கிவிட்டன. 10 கிராமுக்கு 84 ரூபாய் கணக்கில் அது வீண் செலவு. இரண்டாம் முறை முருங்கைக்காய் இளங்குழம்பில் பருப்பு வெந்த நீருக்குத் துணையாக ஊற்றியபோது, உப்பைப் பாதியாகக் குறைத்தும் குழம்பு சப்பென்று இல்லை. அடிநாவில் நெடுநேரம் தங்கும் ஒரு நிறைவு இருந்தது. 1908ஆம் ஆண்டில் இக்கேதா கிக்குனாயே என்ற ஜப்பானிய வேதியியலாளர் கொம்புத் தண்ணீரிலிருந்துதான் குளூட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அஜினோமோட்டோ உப்பின் பிறப்பிடமும் இதே கொம்புதான். மூன்றாம் முறை காய்ந்த மொச்சையோடு ஒரு துண்டைப் போட்டு வேகவைத்தேன். நன்றாகவே மசிந்தது, ஆனால் ஒரே முறை செய்ததை வைத்து அதைக் கொம்பின் பெருமையாக எழுத எனக்கு மனமில்லை. ஊறி எடுத்த பாசியை வீசிவிடாமல் பொடியாக நறுக்கி, எள்ளும் தேங்காயும் சேர்த்துத் துவையலாக அரைத்தேன். வீட்டில் இருவர் விரும்பிச் சாப்பிட்டார்கள், இருவர் தொடவில்லை.

இனிக் குறைக்கு வருகிறேன். பொட்டலத்தின் பின்புறம் இறக்குமதியாளர் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. ஒன்று, இது கடற்பாறைகளில் இயற்கையாக விளைந்தது என்கிறது. அடுத்தது, வெட்டினால் ஓராண்டிலேயே முழுமையாக வளர்ந்துவிடும் வற்றாத வளம் என்கிறது. இந்த இரண்டாம் வாக்கியத்தைக் காட்டித்தான் கடைக்காரர் என்னிடம் விற்றார். கடலுக்குத் தீங்கில்லாத பொருள் என்பதற்காகச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்க நான் தயங்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான், இரண்டு வாக்கியங்களும் ஒரே பொட்டலத்தில் ஒன்றாக இருக்க முடியாது என்பது புரிந்தது.

பாறையில் தானாக விளையும் கொம்பு முதல் ஆண்டில் மெலிந்திருக்கும். ஜப்பானியர் அதைத் தண்ணீர்க் கொம்பு என்று மதிப்புக் குறைவாகவே சொல்வார்கள். குளிர்காலத்தைக் கடந்து மறுபடி தழைத்து, இரண்டாம் ஆண்டுக் கோடையில்தான் சந்தைக்கு வேண்டிய தடிமன் அதற்கு வரும். என் கையில் இருந்ததோ நடுப்பகுதி நகத்தில் அழுந்தாத தடித்த துண்டு. கடலில் கயிறு கட்டி வளர்க்கும் பண்ணை முறையில் ஓராண்டிலேயே தடித்த சரக்கை எடுத்துவிடலாம் என்பது உண்மைதான், ஆனால் அப்படியானால் அது பாறையில் இயற்கையாக விளைந்ததாகாது. ஆக, முதல் வாக்கியம் மெய்யானால் இரண்டாவது பொய், இரண்டாவது மெய்யானால் முதலாவது பொய்.

‘வெட்டினால் வளரும்’ என்ற சொற்களிலேயே இன்னொரு பிழையும் இருக்கிறது. முருங்கைக் கிளையைக் கழித்துவிட்டால் துளிர்ப்பதைப் போல இது எங்கே வெட்டினாலும் துளிர்ப்பதில்லை. கெல்ப்புக்கு வேர் கிடையாது; விரல்களைப் போலப் பிரிந்து பாறையை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஒரு பிடிப்பும், அதன்மேல் ஒரு தண்டும், தண்டின் தலையில் இலை போன்ற தகடும் உண்டு. தகடு வளர்வது நுனியில் அன்று. தண்டும் தகடும் சேரும் இடத்தில்தான் வளர்ச்சி. அந்த இடத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் அந்தச் செடியின் கதை முடிந்தது. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் சிறு படகுகளில் செல்பவர்கள், முனை பிளந்த நீண்ட கழியால் கொம்பைச் சுற்றி முறுக்கிப் பாறையிலிருந்து பெயர்த்தே எடுக்கிறார்கள். பெயர்த்த இடத்தில் அதே செடி மீண்டும் வருவதில்லை. புதிய தலைமுறை வித்திலிருந்து வர வேண்டும். அந்த வித்துகள் கண்ணுக்குத் தெரியாதவை. பெரும்பாலானவை தாய்ச்செடியிலிருந்து சில மீட்டர், மிஞ்சினால் சில பத்து மீட்டர் தொலைவுக்குள் விழுந்து, ஆணும் பெண்ணுமாக நுண்ணிய உயிர்களாகி, அருகருகே அமைந்தால் மட்டுமே கருவுற்றுக் குருத்து விடுகின்றன. ஆகவே பாறையை எவ்வளவு அகலத்துக்கு வெறுமையாக்கினோம், பக்கத்தில் தாய்ச்செடிகளை விட்டுவைத்தோமா, அந்த வெறுமை வித்து விழும் பருவத்தில் அமைந்ததா என்பதையெல்லாம் பொறுத்துத்தான் மீட்சி அமையும்.

இதைப் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவிலுள்ள மான் தீவின் போர்ட் எரினில், கடலுக்குள் கிடந்த கான்கிரீட் கட்டைகளில் வளர்ந்திருந்த கெல்ப்பை முற்றிலும் வழித்தெடுத்துவிட்டு, அதன்பின் எவையெவை எந்த வரிசையில் வந்தன என்று பாசியியலாளர் ஜோனா கெய்ன் ஆண்டுக்கணக்கில் பார்த்து, 1975இல் எழுதினார். வெறுமையான கட்டைகளில் முதலில் ஆதிக்கம் செலுத்தியது பழைய கெல்ப் அன்று. ஓராண்டே வாழ்ந்து மடியும் சாக்கோரைசா என்ற வேறொரு பாசி விரைந்து வந்து இடத்தை நிரப்பியது. அது மடிந்து விலகிய பிறகே, மெதுவாக வளர்ந்தாலும் பல ஆண்டுகள் வாழும் பழைய கெல்ப்பான லாமினேரியா ஹைப்பர்போரியா தலையெடுத்தது. சுமார் இரண்டரை ஆண்டுகளில் அதன் எடை தொடப்படாத காட்டின் எடைக்கு நிகராகியது. கட்டை எந்தப் பருவத்தில் வழிக்கப்பட்டதோ அதற்கேற்ப முதலில் வந்து சேரும் பாசிகளும் மாறின. நம் ஊரில் கண்மாயைத் தூர்வாரிய மறு மழைக்குப் பிறகு கரையில் முதலில் முளைப்பவற்றைப் பார்த்திருப்பவர்களுக்கு இது வியப்பாக இராது. ஓராண்டு கழித்து மேலிருந்து பார்ப்பவருக்குக் கட்டைகள் பச்சையாகத் தெரிந்திருக்கும். ‘முழுமையாக வளர்ந்துவிட்டது’ என்று அவர் சொல்லியிருக்கவும் கூடும்.

நார்வே நாட்டில் இதே லாமினேரியாவைத் தொழில்முறையில் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமைக் குழைவாக வைத்திருக்கும் ஆல்ஜினேட் என்னும் பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. படகுக்குப் பின்னால் இரும்புச் சீப்பு போன்ற கருவியை இழுத்துச் சென்றால் பெரிய செடிகள் பெயர்ந்துவரும். அவற்றின் நிழலில் ஒளிக்காகக் காத்திருந்த குட்டிச் செடிகள் தப்பிவிடும். வெளிச்சம் கிடைத்ததும் இந்தக் குட்டிகள் எழுந்து இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு மீட்டர் உயரத்தை எட்டுகின்றன. இருந்தும் அங்கே ஓரிடத்தில் இழுத்த பின் ஐந்தாண்டு முறை வைத்தே மறுபடி அந்த இடத்துக்கு வருகிறார்கள். நான் ரசித்துப் படித்தது இதற்கு அடுத்த செய்தியை. கெல்ப் எழுந்துவிட்டாலும், முதிர்ந்த தண்டின் சொரசொரப்பில் ஒட்டி வளரும் சிறு சிவப்புப் பாசிகளும், பிடிப்பின் இடுக்குகளில் குடியிருக்கும் புழுக்களும் நத்தைகளும் சிற்றிறால்களும் அதே வேகத்தில் திரும்புவதில்லை. இளந்தண்டு வழுவழுப்பானது, அதில் ஒட்ட இடமில்லை. இளம்பிடிப்பு சிறியது, அதில் குடியிருக்க அறையில்லை. மரம் வந்துவிட்டது, கூடு இன்னும் வரவில்லை என்ற நிலை அது.

இவையெல்லாம் நல்லபடி மீண்ட இடங்கள். மீளாத இடங்களும் உண்டு. கெல்ப்பின் பெரும்பகைவன், உருண்டை உடல் முழுவதும் முள் சிலிர்த்து நிற்கும் கடல் முள்ளெலி. அது பெருகிவிட்டால் பாறையை மொட்டையடித்துவிடும். முளைக்கும் குருத்தையெல்லாம் அப்போதைக்கப்போது மேய்ந்துவிடுவதால் அந்த மொட்டை பல பத்தாண்டுகள் நீடிக்கும். காட்டை அழிக்கத் தேவைப்படும் முள்ளெலிக் கூட்டத்தைவிட, அழிந்த காட்டை எழவிடாமல் தடுக்கத் தேவைப்படும் கூட்டம் மிகச் சிறியது என்பதே இதிலுள்ள சங்கடம். முன்னே சொன்ன போர்ட் எரினிலேயே, அலைதடுப்புச் சுவரையொட்டிய ஒரு பகுதியில் முள்ளெலிகளைத் தொடர்ந்து அகற்றிப் பார்த்தபோது, அதுவரை வெறும் பாறையாக இருந்த ஆழத்துக்கும் கெல்ப் இறங்கி வந்தது. வடக்குக் கலிபோர்னியாவில் 2013 முதல் ஒரு நோய், முள்ளெலியைத் தின்னும் சூரியகாந்தி நட்சத்திர மீன்களைக் கொன்றது. அதைத் தொடர்ந்து 2014 முதல் 2016 வரை கடல்நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடேறியது. அந்த இரண்டும் சேர்ந்து அங்கிருந்த கெல்ப் காடுகளில் 90 சதவீதத்துக்கு மேல் துடைத்துவிட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011ஆம் ஆண்டு வெப்ப அலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளக் கரையில் கெல்ப் அழிந்தது. அங்கே பாறையைப் புல்விரிப்பைப் போன்ற குட்டைப் பாசி மூடிக்கொண்டது, வெப்பக் கடலிலிருந்து வந்த மேயும் மீன்களும் சேர்ந்துகொண்டதால் கெல்ப்பின் வித்துக்குப் பிடித்து நிற்க இடமில்லாமல் போயிற்று. ‘வற்றாத வளம்’ என்று அச்சிட்டவர் இந்தக் கரைகளில் ஒன்றையாவது கேள்விப்பட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கொம்பு எடுக்கும் ஊர்க்காரர்கள் இப்படி அச்சிடமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். தானாக வளரும் என்று அவர்கள் சும்மா இருப்பதில்லை. வேண்டாத பாசியும் கடற்புல்லும் மண்டிய பாறையைச் சுரண்டித் துப்புரவாக்கி, வித்து விழும் பருவத்துக்குள் வெறும் பாறையைத் தயார் செய்து வைப்பது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. பாறை போதாத இடங்களில் கற்களைக் கொண்டுபோய்க் கடலில் போட்டதும் உண்டு. ஹொக்கைடோவின் எரிமோ முனையில் கரையோரக் காட்டை வெட்டித் தீர்த்ததால் நிலம் மணற்காடாகி, காற்றில் பறந்த மண் கடலைக் கலக்கிக் கொம்பு விளைச்சலைக் கெடுத்தது. 1953இல் அங்கே மறுபடி பசுமையாக்கும் வேலை தொடங்கியது. விதைத்த புல்லைக் காற்று தூக்கிச் செல்லாமலிருக்க, கரையொதுங்கிய பாசிக் குப்பையையே மேலே பரப்பினார்கள். புல் நின்றது, பிறகு மரம் நின்றது, கடல் தெளிந்தது, கொம்பும் திரும்பியது. இவ்வளவு உழைப்பு இருக்கும் ஒரு பொருளுக்கு 420 ரூபாய் கூடுதல் என்று நான் சொல்லமாட்டேன். அந்த உழைப்பை ஒரு வரியில் சொல்லியிருந்தால் இன்னும் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பேன்.

நம் பக்கத்திலேயே இதைப் புரிந்தவர்கள் இருக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து இராமேஸ்வரம் சாலையில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாம்பனையும் மண்டபத்தையும் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் கடலில் முக்குளித்துக் கட்டக்கோரை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்னும் கடற்பாசிகளை எடுக்கிறார்கள். கட்டக்கோரையும் கெல்ப்பைப் போலப் பழுப்புப் பாசிதான், ஆனால் அதன் அடிப்பகுதியைப் பாறையிலேயே விட்டுவைத்துப் பறித்தால் அதிலிருந்தே மீண்டும் தழைக்கும். ‘வெட்டினால் வளரும்’ என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். நம் கடைகளில் அவர்கள் எடுத்த பாசி, ஊர்ப்பெயரோடும் பருவத்தோடும் ஒரு பொட்டலமாகக் கிடைப்பதில்லை என்பதை இந்த மதிப்புரைக்குச் சற்று வெளியே நின்று சொல்லிக்கொள்கிறேன்.

பொட்டலத்தில் இல்லாத ஒரு வரி இன்னும் முக்கியமானது. கொம்பில் அயோடின் மிக அதிகம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும்; உலர்ந்த கொம்பு ஒரு கிராமிலேயே ஆயிரம் மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம், ஊறவைத்தால் அதில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். தைராய்டு மாத்திரை சாப்பிடும் என் உடன்பிறந்த ஆச்சி அன்று எங்கள் வீட்டில் விருந்துக்கு வந்திருந்தார். அவருக்கு இளங்குழம்பைப் பரிமாறும்போது நல்லவேளையாக நினைவு வந்து, ரசத்தை மாற்றி ஊற்றினேன். உப்பிலேயே அயோடின் சேர்த்து உண்ணும் நம்மைப் போன்றவர்கள் இதைத் தினசரிச் சமையலில் சேர்க்கலாகாது. நான் அளவை 4 கிராமாகக் குறைத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று வைத்திருக்கிறேன். அந்த அளவிலும் இளங்குழம்புக்குச் சுவை குறையவில்லை. கர்ப்பிணிகளும் தைராய்டுக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று அந்தத் தாளில் கட்டாயம் இருந்திருக்க வேண்டும்.

கடைக்காரரிடம் இவற்றைச் சொன்னேன். “நாங்க ஒட்டுறது இல்ல சார், அப்படியே ஒட்டித்தான் வருது” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. இறக்குமதியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, இது பாறையில் விளைந்ததா கயிற்றில் விளைந்ததா, எந்த ஆண்டின் அறுவடை என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டிருந்தேன். பத்து நாள் கழித்து வந்த பதிலில், தங்கள் பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றியும், அடுத்த முறை வாங்கினால் பத்து சதவீதத் தள்ளுபடியும் இருந்தன. பொட்டலத்தின் வாயிலிருக்கும் அழுத்தி மூடும் பட்டை மூன்றாம் நாளே பிய்ந்துவிட்டது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் திறந்து கிடந்தால் துண்டுகள் துவண்டு, உண்மையாகவே பூசணம் பிடிக்கும்.

சுவைக்காக வாங்குபவர்கள் தயங்காமல் வாங்கலாம், அளவறிந்து போட்டால் 50 கிராம் ஐந்தாறு மாதம் வரும். கடலுக்கு நல்லது என்ற நம்பிக்கைக்காக வாங்குவதானால், விளைந்த முறையும் அறுவடை ஆண்டும் அச்சிட்ட வேறொரு பொட்டலம் கிடைக்கும்வரை காத்திருப்பேன். மீதமிருக்கும் இரண்டு துண்டுகளை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வைத்திருக்கிறேன். ஆத்தா அதன் மூடியில் ஒரு சீட்டு ஒட்டி, ‘கொம்பு’ என்று எழுதி, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ‘பூசணம் இல்லை, துடைக்க வேண்டாம்’ என்றும் எழுதியிருக்கிறார்.